6,000 டாலர் டிடக்ஷன் யார் பணத்தில்?

இந்த வரி சீசனில், நியூ ஜெர்சியில் நான் இருக்கும் பக்கம், வீட்டில் பெரியவர்கள் இருக்கும் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்கு இனிமேல் வரி கிடையாதாமே, நிஜமா?" சோஷியல் செக்யூரிட்டி என்பது சம்பளத்தில் பிடித்துச் சேர்த்து, வயதான பிறகு அமெரிக்க அரசு கொடுக்கும் பென்ஷன். வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது. வாட்ஸ்அப்பைத் திட்டியும் பயனில்லை. 2025 ஜூலை 3 அன்று, டிரம்ப்பின் அந்தப் பெரிய வரிச் சட்டத்தில் கையெழுத்து விழுவதற்கு முந்தைய நாளே, சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகமே மின்னஞ்சல் அனுப்பியது: பென்ஷன் வாங்குபவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் இனி அந்தப் பணத்துக்கு மத்திய வருமான வரி கட்ட வேண்டியிருக்காது என்று. அரசு நிர்வாகமே இப்படி எழுதினால் வீட்டுப் பெரியவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

சட்டத்தைப் படித்தால் அந்த வரி எடுக்கப்படவே இல்லை. இருப்பது இதுதான்: 65 வயது ஆனவர்களுக்குத் தலைக்கு 6,000 டாலர் கூடுதல் டிடக்ஷன் (வரி போடும் முன் வருமானத்தில் கழிப்பது), அதுவும் 2025 முதல் 2028 வரை நான்கே வருடங்களுக்கு. தனி ஆளுக்கு வருமானம் 75,000 டாலரையும், தம்பதிக்கு 1,50,000 டாலரையும் தாண்டினால் அது கரைய ஆரம்பிக்கும். 62 வயதிலேயே பென்ஷனை எடுத்துக்கொண்டவருக்கு 65 ஆகும்வரை இது கிடையாது. ஆனால் பென்ஷனே இன்னும் எடுக்காமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் 66 வயதுக்காரருக்கு உண்டு. வெறும் சோஷியல் செக்யூரிட்டியை மட்டும் நம்பி வாழும் பாட்டி ஏற்கெனவே வரி கட்டாதவர், அவருக்கு இதனால் ஒரு டாலரும் வராது. நடுவில் இருப்பவர்களுக்கு, அதாவது கொஞ்சம் பென்ஷன், கொஞ்சம் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, கொஞ்சம் வட்டி என்று வருபவர்களுக்குத்தான் லாபம். கேட்ட நண்பர்களின் பெற்றோர் பலர் இந்த நடுவில்தான் இருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

தேர்தலில் சொன்னது என்னவோ அந்த வரியை அடியோடு எடுப்பதாகத்தான். ஆனால் செனட்டில் 60 ஓட்டு கிடைக்காது என்பதால் வெறும் பெரும்பான்மையே போதும் என்ற ரீகன்சிலியேஷன் குறுக்கு வழியில் சட்டத்தைக் கொண்டுபோனார்கள், அந்த வழியில் போனால் சோஷியல் செக்யூரிட்டியைத் தொடக் கூடாது என்பது செனட்டின் விதி. நேராகத் தொட முடியாததைச் சுற்றிவந்து தொட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, அந்த வரிப் பணம் இதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது? யாரும் இதைக் கேட்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியம்.

1983 வரை சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்கு வரி கிடையாது. அப்போது நிதி தீர்ந்துபோகச் சில மாதங்களே இருந்த நிலையில், ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையில் ஒரு குழு போட்டு, இரண்டு கட்சிகளும் முனகிக்கொண்டே ஒரு சமரசத்துக்கு வந்தன. 1960-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67 என்று ஆனது அப்போதுதான். கூடவே, வருமானம் ஓரளவுக்கு மேல் இருந்தால் பென்ஷனில் பாதி வரை வரிக்கணக்கில் வரும் என்றும் ஆனது: தனி ஆளுக்கு 25,000 டாலர், தம்பதிக்கு 32,000 டாலர். கையெழுத்துப் போட்டவர் ரீகன். 1981-இல் உச்ச வருமான வரியை 70 சதவீதத்திலிருந்து 50-க்குக் குறைத்த அதே ரீகன். 1993-இல் கிளின்டன் காலத்தில் இந்தப் பாதி, வருமானம் கூடியவர்களுக்கு 85 சதவீதம் வரை போனது. அந்த 25,000-மும் 32,000-மும் மட்டும் 1984-இலிருந்து இன்றுவரை ஒரு டாலர்கூட ஏறவில்லை, விலைவாசி எங்கே ஏறினாலும். அதனால்தான் முதலில் பத்தில் ஒருவரைப் பிடித்த வரி இப்போது ஏறக்குறைய பாதிப் பேரைப் பிடிக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அந்த வரி பொதுக் கஜானாவுக்குப் போகவில்லை. 1983-இல் போட்ட பங்கு சோஷியல் செக்யூரிட்டி டிரஸ்ட் ஃபண்டுக்கே திரும்பிப் போகிறது, 1993-இல் கூட்டியது பெரியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மருத்துவமனைக் காப்பீட்டு ஃபண்டுக்குப் போகிறது. சோஷியல் செக்யூரிட்டிக்கு மட்டும் வருடத்துக்கு 5,000 கோடி டாலருக்கு மேல். பெரியவர்கள் கட்டும் வரியைக் குறைத்தால் குறைவது பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஃபண்ட்தான்.

2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி சோஷியல் செக்யூரிட்டியின் தலைமை ஆக்சுவரி (ஃபண்டின் எதிர்காலக் கணக்கைப் போடுபவர்) கேரன் க்ளென், செனட்டர் வைடனுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினார். இந்தச் சட்டத்தால், அதாவது 2017-இன் குறைந்த வரி விகிதங்களை நிரந்தரமாக்கியது, இந்த 6,000 டாலர் எல்லாம் சேர்த்து, 2034 வரையில் 16,860 கோடி டாலர் நஷ்டம். ஓய்வூதிய ஃபண்ட் தீரும் நாள் 2033-இன் முதல் காலாண்டிலிருந்து 2032-இன் கடைசிக் காலாண்டுக்கு நகர்ந்துவிட்டது. சில மாதங்கள்தானே என்று சொல்லலாம், நானும் இதை உலகம் அழிந்துவிட்ட மாதிரி எழுத விரும்பவில்லை. ஆனால் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பது சட்டத்தில் இருக்கிறது: வருகிற வருமானத்துக்கு ஏற்ற அளவுக்குத்தான் கொடுக்க முடியும். 2025 டிரஸ்டிகள் அறிக்கைப்படி அது 77 சதவீதம். 2,000 டாலர் வாங்குபவருக்கு ஏறக்குறைய 1,540. ஒரே மாதத்தில், எல்லோருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம், "பணக்காரனுக்கு வரி குறைத்துக் குறைத்துத்தான் சோஷியல் செக்யூரிட்டி திவாலாகிறது" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு உங்களிடம் 6.2 சதவீதம், கம்பெனியிடம் 6.2. மெடிகேருக்கு 1.45, 1.45. இந்தப் பிடித்தம் வேறு, வருமான வரி வேறு. 2017-இல் கம்பெனி வரியை 35-இலிருந்து 21 சதவீதமாக்கினார்களே, அதனால் இந்த 6.2-க்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபண்ட் காலியாவதற்கு முதல் காரணம் ஆள் கணக்கு: 1950-இல் ஒரு பென்ஷன்காரருக்கு 16.5 பேர் வேலை பார்த்துக் கட்டினார்கள், இப்போது 2.7 பேர்தான். இரண்டாவது, உச்சவரம்பு. 2026-இல் 1,84,500 டாலர் வரைதான் பிடிப்பார்கள், அதற்கு மேல் சம்பாதிப்பதில் சோஷியல் செக்யூரிட்டிக்கு ஒன்றும் போகாது. 1983-இல் நாட்டின் மொத்தச் சம்பளத்தில் 90 சதவீதம் இந்த வரம்புக்குள் இருந்தது. மேல்தட்டுச் சம்பளம் வேகமாக ஏறியதால் இப்போது 83 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது. இதை வரிக்குறைப்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை, ஆனால் விளைவு அதேதான்.

அந்தப் பிடித்தத்தையே குறைத்த காலமும் உண்டு. 2011, 2012 இரண்டு வருடமும் ஒபாமா அரசு 6.2-ஐ 4.2 ஆக்கியது. பலருக்கு நினைவிருக்கும், சம்பளம் திடீரென்று கொஞ்சம் கூடி வந்தது. அப்போது ஃபண்டுக்குக் குறைந்ததைப் பொதுக் கஜானாவிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டார்கள், ஃபண்டில் ஓட்டை விழவில்லை. கடன் மட்டும் கூடியது. வழி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். 2025-இல் அப்படி ஈடுகட்ட யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

வருமான வரிக் குறைப்பு நேராகப் போய் மோதும் இடம் மெடிகேர். மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ சம்பளப் பிடித்தத்தில் ஓடுகிறது. டாக்டர் ஃபீஸுக்கான பார்ட் பி, மருந்துக்கான பார்ட் டி இரண்டும் அப்படி இல்லை, பெரும்பகுதி பொதுக் கஜானா பணம். பார்ட் பி-யில் பிரீமியமாக நாம் கட்டுவது செலவில் கால் பங்குதான். 2025-இல் மாதம் 185 டாலராக இருந்தது 2026-இல் 202.90 ஆகிவிட்டது, அதுவே கால் பங்கு என்றால் முழுச் செலவு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கஜானாவில் வருமானம் குறைந்தால் அந்த முக்கால் பங்குக்குக் கடன் வாங்க வேண்டும். 2024 நிதியாண்டில் அமெரிக்காவின் வட்டிச் செலவு ராணுவச் செலவையே தாண்டிவிட்டது. புதிய சட்டம் பத்து வருடத்தில் பற்றாக்குறையில் இன்னும் 3.4 லட்சம் கோடி டாலரைச் சேர்க்கும் என்பது காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகம் சொன்ன கணக்கு.

இங்கே ஒரு வேடிக்கையான சட்டமும் இருக்கிறது. 2010-இல் கொண்டுவந்தது. ஈடுகட்டாமல் வரியைக் குறைத்தால் தானாகவே சில செலவுகளை வெட்ட வேண்டும், மெடிகேரில் 4 சதவீதம் வரை. சோஷியல் செக்யூரிட்டிக்கும், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டுக்கும் விலக்கு உண்டு, மெடிகேருக்கு இல்லை. 2017 வரிச் சட்டம் வந்தபோது மெடிகேரில் 2,500 கோடி டாலர் வெட்டு விழுந்திருக்க வேண்டும். காங்கிரஸ் அதே மாதம் இன்னொரு சட்டம் போட்டு அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. அந்தச் சட்டப்படியான வெட்டு இதுவரை ஒருமுறைகூட விழுந்ததில்லை. மெடிகேர் பிழைத்தது நல்லதுதான், ஆனால் வரியையும் குறைப்போம், செலவையும் வெட்ட மாட்டோம், கணக்கு எழுதும் நோட்டையும் கிழித்துப் போடுவோம் என்றால் அந்த நோட்டு எதற்கு?

கடன் ஏறிய பிறகு அடுத்த காட்சி எப்போதும் ஒன்றுதான். 2017 டிசம்பரில் வரிச் சட்டம் நிறைவேறும் நேரத்திலேயே சபாநாயகர் பால் ரயன், கடனைக் குறைக்க அடுத்த வருடம் இந்த நலத் திட்டங்களைச் சீர்திருத்த வேண்டும் என்று பேசினார். 2018 அக்டோபரில் பற்றாக்குறை ஏறியது பற்றிக் கேட்டபோது செனட்டில் மிட்ச் மெக்கானல் கைகாட்டியது மெடிகேர், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகெய்ட் பக்கம். ஒரு வருடத்துக்கு முன்பு குறைத்த வரி அந்தப் பேச்சில் வரவே இல்லை.

முதலில் அடி வாங்குவது மெடிகெய்ட்தான். அதற்கு டிரஸ்ட் ஃபண்ட் கிடையாது, சம்பளச் சீட்டில் தனிப் பிடித்தம் கிடையாது, "நான் கட்டின பணம்" என்று சொல்லிக்கொண்டு யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். ஏழைகள் திட்டம் என்று பெயர். 2025 சட்டத்தில் பத்து வருடத்தில் மெடிகெய்டில் மட்டும் 90,000 கோடி டாலருக்கு மேல் குறைகிறது. 2034-இல் காப்பீடு இல்லாதவர்கள் கூடுதலாக ஒரு கோடிப் பேர் இருப்பார்கள் என்பதும் அதே பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. பெரிய பங்கு வேலை நிபந்தனையில் வருகிறது: ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் மெடிகெய்டில் சேர்ந்த 19 முதல் 64 வயது வரையிலான ஆட்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ செய்வதாகக் காட்ட வேண்டும், 2027 ஜனவரிக்குள் மாநிலங்கள் ஆரம்பித்துவிட வேண்டும். அர்க்கன்சாவில் 2018-இல் இதைச் செய்து பார்த்தார்கள். 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள், அடுத்த மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. வேலை பார்த்தும் மாதாமாதம் ஆன்லைனில் பதிவு செய்யத் தெரியாமல் போனவர்கள் அதில் ஏராளம்.

"அது நமக்கில்லையே" என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நர்சிங் ஹோமுக்குள் ஒருமுறை போய் வந்தால் பேச்சு மாறும். மெடிகேர் நீண்டகாலப் பராமரிப்புக்குப் பணம் கொடுக்காது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அதிகபட்சம் 100 நாள், அதிலும் 20 நாளுக்கு மேல் நம் பங்கு உண்டு. அதற்கப்புறம் சேமிப்பு கரையும், கரைந்தபின் மெடிகெய்ட். அமெரிக்காவில் நர்சிங் ஹோமில் இருப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மெடிகெய்ட்தான் கட்டுகிறது. நடுத்தரக் குடும்பங்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் அது.

நம்மைத் தொடும் இன்னொன்று அதே சட்டத்தில் இருக்கிறது, எந்தத் தமிழ் வாட்ஸ்அப் குழுவிலும் நான் பார்க்காதது. இனி மெடிகேர் குடிமக்களுக்கும் க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், வேறு இரண்டு சிறிய பிரிவினருக்கும் மட்டும்தான். முன்பு சட்டப்படி இங்கே இருந்து, பத்து வருடம் கட்டி 40 கிரெடிட் சேர்த்த எவருக்கும் 65-இல் உரிமை இருந்தது. இப்போது, க்ரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டு ஹெச்-1பி வேலை விசாவிலேயே வயதாகிவிடும் இந்தியருக்கு, சம்பளத்தில் மெடிகேர் பிடித்தம் கடைசிவரை உண்டு, மெடிகேர் கிடையாது. அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று அதில் நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சம் பெற்று இன்னும் க்ரீன் கார்டுக்குப் போகாத ஈழத்தமிழ்ப் பெரியவர்களுக்கும் இதே கதி. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு, சட்டம் வந்து 18 மாதத்தில், அதாவது 2027 ஜனவரியில் நின்றுவிடும். அப்புறம், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், பத்து வருடம் முடியாமல் ஊர் திரும்புகிறவர்கள் கட்டியது அப்படியே இங்கே நின்றுவிடுகிறது. இத்தனை பேர் கட்டிவிட்டு வாங்காமல் போயும் ஃபண்ட் இந்த நிலையில் இருக்கிறது.

இதெல்லாம் வாஷிங்டன் கதை, பெரிய எண்கள், 2032 என்று எதிர்காலம். வரிக்குறைப்பு பென்ஷனை என்ன செய்யும் என்பதை முழுதாக, ஆரம்பம் முதல் பில் வரும்வரை பார்க்க வேண்டும் என்றால் எங்கள் மாநிலத்தையே பார்க்கலாம். கிறிஸ்டின் டாட் விட்மன் வருமான வரியை 30 சதவீதம் குறைப்பேன் என்று சொல்லி 1993-இல் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார், சொன்னபடி 1996-க்குள் செய்தும் முடித்தார். பட்ஜெட்டில் விழுந்த பள்ளத்துக்கு வழி? அரசு ஊழியர், ஆசிரியர் பென்ஷன் ஃபண்டுக்கு அரசு கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிடும் முறையையே 1994-இல் மாற்றிக் குறைத்தார்கள். அப்புறம் 1997-இல் 280 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டு, கடன் வாங்கிய பணத்தை பென்ஷன் ஃபண்டில் போட்டார்கள், பங்குச் சந்தை அந்த வட்டிக்கு மேல் சம்பாதித்துக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில். வட்டி 7.6 சதவீதம். சந்தை 2000-இல் கவிழ்ந்தது. அதற்குள் ஃபண்ட் கொழுத்துவிட்டது என்று நினைத்துச் சட்டசபை 2001-இல் பென்ஷனை 9 சதவீதம் ஏற்றியும் விட்டது, அதில் இரண்டு கட்சிக்கும் பங்குண்டு. பிறகு வந்த கவர்னர்களும் கட்ட வேண்டியதை முழுதாகக் கட்டவில்லை. 2010-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நியூ ஜெர்சி மேல் மோசடிக் குற்றச்சாட்டு வைத்தது, பென்ஷன் நிலைமையை மறைத்து 2,600 கோடி டாலருக்குப் பத்திரம் விற்றதாக. ஒரு மாநிலத்தின் மேல் அப்படி வந்தது அதுதான் முதல்முறை. மாநிலம் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, சமரசமாகப் போய்விட்டது.

பில் வந்தது 2011-இல். கிறிஸ் கிறிஸ்டி காலத்துச் சட்டம் ஓய்வுபெற்றவர்களின் விலைவாசி உயர்வுப் படியை நிறுத்தியது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார், அவருடைய மாதப் பென்ஷன் அன்றைக்கு என்னவோ இன்றைக்கும் அதேதான். முட்டை விலையும் வீட்டு வரியும் மட்டும் நிற்கவில்லை. நாட்டிலேயே வீட்டு வரி அதிகமான மாநிலம் இது. வருமான வரியில் மிச்சமானதை வேறொரு பெயரில் கட்டிவிட்டோம் என்று இங்கே முப்பது வருடமாக வீடு வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். 2015-இல் மாநில உச்ச நீதிமன்றமும், சட்டம் போட்டு வாக்குக் கொடுத்திருந்தாலும் அந்தத் தொகையைக் கட்டச் சொல்லி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. கட்ட வேண்டியதை அரசு முழுதாகக் கட்டியது ஃபில் மர்ஃபி காலத்தில், 2022 நிதியாண்டில். 690 கோடி டாலர், 1996-க்குப் பிறகு முதல்முறை. வரியைக் குறைத்தவர் பதவியை விட்டுப் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. படி இன்னும் திரும்பவில்லை.

வாஷிங்டன் கணக்கில் எனக்குப் பயம் இந்த இடைவெளிதான். டிடக்ஷன் 2028-இல் முடிகிறது, அதை யாரும் முடிய விட மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது தேர்தல் வருடம். நீட்டித்தால் ஃபண்ட் இன்னும் கொஞ்சம் முன்னால் தீரும். தீர்வு தெரியாமல் இல்லை. உச்சவரம்பை ஏற்றலாம், இரண்டு 6.2-உம் சேர்ந்த 12.4 சதவீதப் பிடித்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம், 1983 மாதிரி இரண்டையும் கலந்து செய்யலாம். 25,000 டாலர் வரம்பை விலைவாசியோடு ஏற்றிவிட்டு, அதனால் குறைவதை வேறு இடத்தில் ஈடுகட்டலாம், அது உண்மையிலேயே பெரியவர்களுக்கு நியாயமான வரிக்குறைப்பாக இருக்கும். ஈடுகட்டுவது என்ற பாதி மட்டும் எந்த மேடையிலும் வருவதில்லை.

2026 நவம்பரில் செனட்டில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல், நியூ ஜெர்சியிலும் ஒரு இடம். அதில் ஜெயிப்பவர்களின் ஆறு வருடப் பதவிக்காலம் 2033 ஜனவரி வரை. ஆக்சுவரி சொல்லும் 2032 கடைசிக் காலாண்டில் நாற்காலியில் இருக்கப்போவது இவர்கள்தான். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் 6,000 டாலரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் பேசுவார்கள். 16,860 கோடியை எங்கிருந்து எடுத்துக் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். ஓட்டுரிமை இல்லாத ஹெச்-1பி நண்பர்கள் ஓட்டுரிமை இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லலாம்.